மைக்குக்கு மின்சாரம் வந்த கதை

எலக்ட்ரானிக்ஸில் ஆர்வம் உள்ளவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கும் பொருட்களில் மைக் ப்ரீஆம்ப்புக்குத் தனி இடம் உண்டு. ஒரு ஐ.சி., நாலைந்து ரெசிஸ்டர், இரண்டு மூன்று கெபாசிட்டர். ஒரே மாலையில் வேலை முடிந்துவிடும். 9 வோல்ட் பேட்டரியை மாட்டிப் பேசினால் குரல் கணீரென்று வரும். சந்தோஷம் தாங்காது!

பேட்டரிக்கு அடிக்கடி காசு செலவழிப்பானேன் என்று மறுநாள் வீட்டில் கிடக்கும் பழைய அடாப்டர் ஒன்றை மாட்டுவார்கள். அவ்வளவுதான். 'ம்ம்ம்ம்...' என்று ஓர் இரைச்சல். பேசிய குரல் அதற்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கும்.

சர்க்யூட் மாறவில்லை, மைக் மாறவில்லை. மாறியது மின்சாரம் வரும் வழி மட்டும்தான். இது வீட்டில் செய்பவர்களுக்கு மட்டும் வந்த பிரச்சினை அல்ல. டெலிபோன் காலத்திலிருந்து இன்றுவரை நூறு வருடங்களுக்கும் மேலாகப் பெரிய பெரிய இன்ஜினியர்களைப் படுத்தி எடுத்த பிரச்சினை. அவர்கள் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்த விடைகள்தான் இன்றைய மிக்சர்களில் '48 வோல்ட்' என்று எழுதிய ஒரு சிறிய பட்டனாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த 48 எங்கிருந்து வந்தது? ஏன் 50 இல்லை, ஏன் 12 இல்லை?

இரண்டு மில்லிவோல்ட்டின் கஷ்டம்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மேடைகளில் எல்லாரும் பார்த்திருக்கும் ஷூர் எஸ்.எம். 58 மைக் 1966-ல் வெளிவந்தது. அதை வாய்க்கு அருகில் வைத்து உரக்கப் பேசினால் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட். அதாவது ஒரு வோல்ட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு. மெதுவாகப் பேசினால் இன்னும் குறைவு. ஆனால் ஆம்ப்ளிஃபையருக்கோ ரெக்கார்டருக்கோ ஒரு வோல்ட் அளவில் வேண்டும். ஆகவே ப்ரீஆம்ப் அதை ஐந்நூறு, ஆயிரம் மடங்கு பெருக்கவேண்டியிருக்கிறது.

இங்கேதான் சிக்கல். எது குரல், எது இரைச்சல் என்று ப்ரீஆம்ப்புக்குத் தெரியாது. உள்ளே வந்ததையெல்லாம் ஆயிரம் மடங்கு ஆக்கும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வருவது. டயோடுகள் வழியாக அதை நேர்மின்சாரமாக மாற்றினால் நொடிக்கு 100 தடவை மேலும் கீழும் ஆடும் ஓர் அலை மிச்சம் இருக்கும். கெபாசிட்டர் போட்டு அதைக் குறைக்கலாம், ஆனால் முழுவதுமாகப் போகாது. அதில் ஒரே ஒரு மில்லிவோல்ட் மைக் ஒயர் பக்கம் நழுவினால் போதும், பாடுகிறவரோடு சேர்ந்து அதுவும் பாட ஆரம்பித்துவிடும்.

பேட்டரியில் இந்த ஆட்டமே கிடையாது. அதனால்தான் முதல் நாள் குரல் கணீரென்று வந்தது. மைக்கின் வரலாறும் பேட்டரியில்தான் தொடங்குகிறது.

டெலிபோன் கற்றுக்கொடுத்த பாடம்

1876-ல் கிரஹாம் பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கடுத்த சில வருடங்களில் எடிசன், ஹியூஸ் போன்றவர்களின் முயற்சியில் கார்பன் மைக் வந்தது. கார்பன் மைக் தானாக மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. அதன் வழியாக ஓடும் மின்சாரத்தைக் குரலுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் வந்தால்தானே திருகித் திறப்பதற்கு அர்த்தம்? ஆகவே ஒவ்வொரு வீட்டு டெலிபோனுக்கும் பக்கத்தில் ஒரு பேட்டரி இருந்தது. அது தீர்ந்தால் கம்பெனி ஆள் வீடு வீடாகப் போய் மாற்றவேண்டும்.

1890களில் இதற்கு ஒரு வழி பிறந்தது. வீடுகளில் இருந்த பேட்டரிகளை எடுத்துவிட்டு, எக்ஸ்சேஞ்சில் ஒரே ஒரு பெரிய பேட்டரி வரிசையை வைத்தார்கள். பேச்சு போகும் அதே இரண்டு கம்பிகளிலேயே மின்சாரமும் வீட்டுக்கு வந்தது. பின்னாளில் இதற்கு நிலைத்த அளவு 48 வோல்ட். ஒரு ஈய-அமில பேட்டரி செல் 2 வோல்ட் தரும். 24 செல்களை வரிசையாக இணைத்தால் 48. கரண்ட் போனாலும் பழைய லேண்ட்லைன் போன் வேலை செய்ததற்கு இந்த பேட்டரிதான் காரணம்.

டெலிபோன் இன்னொரு பாடமும் கற்றுக்கொடுத்தது. ஆரம்பத்தில் ஒரே ஒரு கம்பியை மட்டும் இழுத்து, திரும்பி வரும் பாதையாக பூமியையே பயன்படுத்தினார்கள். கம்பிச் செலவு பாதி மிச்சம். ஆனால் தந்தி, டிராம் எல்லாம் அதே பூமியைப் பயன்படுத்தியதால் அத்தனை இரைச்சலும் காதில் விழுந்தது. 1880களில் ஜான் கார்ட்டி என்ற அமெரிக்க இன்ஜினியர் போன்றவர்கள் இரண்டு கம்பி போட்டுப் பார்த்தார்கள். இரைச்சல் அடங்கியது! வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் இரைச்சல் கழிந்துபோகும், குரல் மட்டும் நிற்கும். இன்று மைக் ஒயரில் உள்ளே இரண்டு கம்பிகளும் சுற்றிலும் ஓர் உறையும் இருப்பது இதனால்தான்.

அதே 1880களில் ஒரு தந்திரமும் நடந்தது. இரண்டு ஜோடிக் கம்பிகளில் இரண்டு பேச்சுகள் போகும் அல்லவா? முதல் ஜோடி முழுவதையும் ஒரு கம்பியாகவும், இரண்டாவது ஜோடி முழுவதையும் மற்றொரு கம்பியாகவும் பாவித்தால் மூன்றாவதாக ஒரு பேச்சையும் அனுப்பலாம். அந்த மூன்றாவதுக்கென்று சொந்தமாகக் கம்பியே கிடையாது. இருக்கிறது, ஆனால் இல்லை. எனவே அதற்கு 'ஃபேன்டம் சர்க்யூட்' என்று பெயர் வைத்தார்கள். ஃபேன்டம் என்றால் ஆவி. இந்த ஆவி எண்பது வருடம் கழித்து மைக்குக்குள் புகப்போகிறது!

மைக்கோடு ஒட்டிய மூட்டை

1916-ல் அமெரிக்காவில் பெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஈ.சி. வென்ட் கண்டென்சர் மைக்கைக் கண்டுபிடித்தார். மெல்லிய சவ்வு ஒன்று, அதன் பின்னால் மயிரிழை இடைவெளியில் ஓர் உலோகத் தகடு. இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தம் கொடுத்து வைத்தால் சவ்வு ஒலியில் அதிரும்போது குரல் மின்னலையாக மாறும். கார்பன் மைக்கைவிடப் பல மடங்கு துல்லியம்.

ஆனால் இதற்குப் பசி அதிகம். சவ்வுக்கும் தகட்டுக்கும் இடையே நிற்க ஓர் உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். அதிலிருந்து வரும் அலை மிகவும் பலவீனமானது, நீண்ட ஒயரில் அனுப்பினால் வழியிலேயே செத்துவிடும். அதனால் மைக்குக்குப் பக்கத்திலேயே ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரை வைக்கவேண்டும். அந்த வால்வின் இழையைச் சூடாக்க ஒரு பேட்டரி, அதன் தகட்டுக்கு உயர் மின்னழுத்தம் தர இன்னொரு பேட்டரி. கையில் பிடிக்கும் மைக்கைவிட அதற்கான பேட்டரி மூட்டை பெரியது!

பேட்டரியை ஒழித்துவிட்டு வீட்டுக் கரண்டில் ஓட்டினால் என்ன என்று எல்லாருக்கும் ஆசை. ஓட்டினால் அதே 'ம்ம்ம்'. கனடாவில் டெட் ரோஜர்ஸ் என்ற இளைஞர் இந்த இரைச்சலைக் கட்டுப்படுத்தி 1925-ல் பேட்டரி இல்லாத ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1927-ல் டொரன்டோவில் அவர் தொடங்கிய வானொலி நிலையத்தின் பெயர் சி.எஃப்.ஆர்.பி. அதில் கடைசி இரண்டு எழுத்துகளும் 'ரோஜர்ஸ் பேட்டரிலெஸ்' என்பதன் சுருக்கம். பேட்டரி இல்லை என்பதையே ஒரு நிலையம் பெயராக வைத்துக்கொண்டது என்றால் அன்று அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1928-ல் பெர்லினில் ஜார்ஜ் நாய்மன் தன் கம்பெனியைத் தொடங்கி, சி.எம்.வி. 3 என்ற கண்டென்சர் மைக்கைத் தயாரித்தார். வால்வு மைக்கின் உடம்புக்குள்ளேயே இருந்ததால் பார்க்க ஒரு பாட்டில் போல இருக்கும். 1949-ல் வந்த புகழ்பெற்ற யு 47 மைக்கும் வால்வு மைக்தான். இந்த மைக்குகளுக்குத் தனியாக ஒரு பவர் சப்ளை பெட்டி, பல கம்பிகள் கொண்ட தனி ஒயர். ஸ்டுடியோவில் பத்து மைக் என்றால் பத்து பெட்டி.

ப்ரீஆம்ப்புகளும் அப்படித்தான். போருக்குப் பிந்தைய ஜெர்மன் வானொலிக்காக உருவான வி 72 என்ற ப்ரீஆம்ப்பில் ஒவ்வொன்றுக்கும் உள்ளேயே சொந்தமாக ஒரு பவர் சப்ளை உண்டு. ஒன்றின் இரைச்சல் மற்றொன்றுக்குப் போகாது, ஒன்று கெட்டால் மற்றவை நிற்காது. இதன் இன்னொரு வடிவமான வி 72 எஸ்-ஐ வைத்துத்தான் லண்டனில் ஈ.எம்.ஐ.யின் ரெட் 37 மிக்சர் செய்யப்பட்டது. பீட்டில்ஸ் பாடல்கள் பதிவான அபே ரோடு ஸ்டுடியோவில் இருந்த மிக்சர் அது.

நார்வேயின் இருட்டும் 48 வோல்ட்டும்

டிரான்சிஸ்டர் வந்ததும் எல்லாம் மாறியது. வால்வைப் போல அதற்கு இழையைச் சூடாக்க வேண்டியதில்லை. நூறு வோல்ட்டும் வேண்டாம், சில மில்லிஆம்பியர் போதும். இவ்வளவு குறைவாகத் தின்னும் ஒன்றுக்கு எதற்குத் தனிப் பெட்டி, தனி ஒயர்? குரல் போகும் ஒயரிலேயே மின்சாரத்தையும் அனுப்பினால் என்ன?

1964-ல் ஷோப்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனி பிரெஞ்சு வானொலிக்காக சி.எம்.டி. 20 என்ற மைக்கைச் செய்தது. 9 முதல் 12 வோல்ட் வரையிலான மின்சாரம் மைக் ஒயரிலேயே போனது. ஆனால் இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறாக அதில் நேர்முனைதான் எர்த்தில் இருந்தது.

1966-ல் நாய்மன் கம்பெனி தன் புதிய டிரான்சிஸ்டர் மைக்கை நார்வே நாட்டு வானொலியான என்.ஆர்.கே.யிடம் காட்டியது. ஒயரிலேயே மின்சாரம் வேண்டும் என்று நார்வேக்காரர்கள் கேட்டார்கள். எத்தனை வோல்ட்? குளிர்காலத்தில் பகல் மிகக் குறைவாக இருக்கும் நாடு அது. கரண்ட் போனால் எரிவதற்கான அவசர விளக்குகளுக்காக அவர்களது ஸ்டுடியோக்களில் ஏற்கெனவே 48 வோல்ட் சப்ளை இருந்தது. இருப்பதையே பயன்படுத்திக்கொள்வோமே! இப்படிப் பிறந்ததுதான் கே.எம். 84 என்ற மைக்கும், அதோடு சேர்ந்து 48 வோல்ட்டும். பிறகு ஜெர்மானியத் தரநிலையான டின் 45596-ல் இது எழுதப்பட்டு உலகம் முழுவதும் பரவியது. இருட்டுக்குப் பயந்து வைத்த விளக்கின் வோல்ட்தான் இன்று உலகத்து மிக்சர்களில் எல்லாம் இருக்கிறது.

சரி, குரலும் மின்சாரமும் ஒரே ஒயரில் போனால் கலந்துவிடாதா? இங்கேதான் அந்த ஆவி வருகிறது. ஒரு தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டுகளிலும் ஒரே எடைக்கல்லை வைத்தால் முள் அசையாது. எடை இருக்கிறது, ஆனால் முள்ளுக்குத் தெரியாது. அப்படித்தான் மைக் ஒயரின் இரண்டு கம்பிகளிலும் ஒரே 48 வோல்ட்டை, ஒரே அளவான இரண்டு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வழியாகக் கொடுக்கிறார்கள். திரும்பி வரும் பாதை வெளி உறை. ப்ரீஆம்ப் பார்ப்பது இரண்டு கம்பிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். 48-க்கும் 48-க்கும் வித்தியாசம் பூஜ்யம். குரல் மட்டும் ஒரு கடுகைப் போலத் தட்டில் விழுந்து முள்ளை அசைக்கிறது. இதனால்தான் இதற்கு 'ஃபேன்டம் பவர்' என்று பெயர்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. கம்பிச்சுருள் கொண்ட எஸ்.எம். 58 போன்ற மைக்கை அதே இடத்தில் செருகினாலும் சுருளின் இரு முனையிலும் ஒரே வோல்ட் இருப்பதால் அதன் வழியே மின்சாரம் ஓடாது, மைக்குக்கு ஆபத்தில்லை. இதற்குப் போட்டியாக இருந்த 'டி-பவர்' முறையில் டெலிபோனைப் போல ஒரு கம்பியிலிருந்து மற்றக் கம்பிக்கு 12 வோல்ட் கொடுத்தார்கள். சினிமா ஒலிப்பதிவில் அது வெகுநாள் இருந்தது. ஆனால் தவறான மைக்கைச் செருகினால் மைக் கெட்டுப்போகலாம் என்பதால் கடைசியில் ஃபேன்டமே வென்றது.

தராசு சரியாக நிற்கவேண்டுமானால் இரண்டு ரெசிஸ்டர்களும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கவேண்டும். 0.4 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது தரநிலை. கடையில் வாங்கும் 5 சதவீத ரெசிஸ்டர்களை அப்படியே போட்டுவிட்டு 'இரைச்சல் வருகிறதே' என்று ஐ.சி.யை மாற்றுபவர்கள் இன்றும் உண்டு!

இரைச்சலா, உயிரா?

இதுவரை சொன்னது இரைச்சலின் கதை. இதற்கு ஓர் இருண்ட பக்கமும் இருக்கிறது.

1972 மே 3 அன்று இங்கிலாந்துக்கு அருகே உள்ள வேல்ஸின் ஸ்வான்ஸி நகரில் 'ஸ்டோன் த க்ரோஸ்' என்ற ஸ்காட்லாந்து இசைக்குழு மேடையில் இருந்தது. கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டார். மின்சாரம் தாக்கி இறந்துபோனார். வயது 27.

எர்த் ஒயரின் வேலை என்ன? கருவிக்குள் ஏதாவது ஒரு கம்பி நழுவி உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்த மின்சாரத்தை பூமிக்குக் கொண்டுபோய் ஃபியூஸை எரியவைப்பது. எர்த் இல்லாவிட்டால் ஃபியூஸ் எரியாது, எதுவும் நடக்காதது போல இருக்கும். பெட்டி மட்டும் 230 வோல்ட்டோடு யாராவது தொடுவதற்காகக் காத்திருக்கும். ஒரு கையில் கிதார் கம்பி, மறு கையில் மைக், இரண்டும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் இருந்தால் மின்சாரம் போகும் பாதை நெஞ்சின் வழியாக.

இங்கேதான் ஒரு விபரீதமான சபலம் இருக்கிறது. இரண்டு கருவிகள் இரண்டு இடத்தில் எர்த் ஆகியிருந்தால் அந்தச் சுற்றில் 'ம்ம்ம்' வரும். ஒரு பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிட்டால் சட்டென்று நின்றுவிடும். மந்திரம் போல இருக்கும். மேடைகளிலும் வீடுகளிலும் எத்தனையோ பேர் இதைச் செய்கிறார்கள். இரைச்சல் நிற்பது உண்மைதான். அதோடு பாதுகாப்பும் நின்றுபோகிறது.

உண்மையான மருந்து வேறு இடத்தில் இருந்தது. 1995-ல் நீல் மன்சி என்பவர் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எக்ஸ்.எல்.ஆர். இணைப்பியில் முதல் முனைதான் ஒயரின் உறை. பல கம்பெனிகளே அதை உலோகப் பெட்டியோடு இணைக்காமல் உள்ளே சர்க்யூட் போர்டின் கிரவுண்டோடு இணைத்துவிடுகிறார்கள், அதனால் உறையில் ஓடும் இரைச்சல் நேராக ப்ரீஆம்ப்புக்குள் வந்துவிடுகிறது என்று காட்டினார். உறையை நுழைவாயிலிலேயே பெட்டியோடு இணைத்துவிட்டால் இரைச்சல் பெட்டி வழியாகவே வெளியே போய்விடும். எர்த்தை வெட்டவேண்டிய அவசியமே இல்லை.

வீட்டில் செய்பவர்களுக்கு இதைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு. மின்மாற்றி இல்லாமல் ஒரு கெபாசிட்டரை மட்டும் வைத்து 230 வோல்ட்டைக் குறைக்கும் மலிவான சர்க்யூட். சின்ன எல்.இ.டி. விளக்குகளுக்குள் யாரும் தொடமுடியாதபடி அது இருக்கும். அதை மைக் ப்ரீஆம்ப்புக்குப் போடவே கூடாது. அங்கே வீட்டு மின்சாரத்துக்கும் நமக்கும் நடுவே பிரிக்கும் சுவர் எதுவும் இல்லை. மைக்கோ, உதட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உலோகம்!

மீண்டும் பேட்டரி

1962-ல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் இருவரும் எலக்ட்ரெட் மைக்கைக் கண்டுபிடித்தார்கள். சவ்வில் மின்னூட்டத்தை நிரந்தரமாகப் பூட்டி வைத்துவிட்டதால் வென்ட் காலத்து உயர் மின்னழுத்தம் தேவையில்லாமல் போனது. உள்ளே இருக்கும் சின்ன டிரான்சிஸ்டருக்கு மட்டும் சில வோல்ட் போதும். டேப் ரெக்கார்டர் முதல் கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றிலும் இது புகுந்தது. வீட்டில் ப்ரீஆம்ப் செய்பவர்கள் பலரும் முதலில் வாங்குவது இந்த மைக்கைத்தான்.

இன்றைய யு.எஸ்.பி. ஆடியோ பெட்டிகள் கம்ப்யூட்டர் தரும் 5 வோல்ட்டையே 48 வோல்ட்டாக உயர்த்திக்கொள்கின்றன. ஒரு மைக்குக்கு அதிகபட்சம் 10 மில்லிஆம்பியர்தான், அதாவது அரை வாட்டுக்கும் குறைவு. ஆனால் இரைச்சல் இங்கேயும் விடவில்லை, குரலை மட்டும் மாற்றிக்கொண்டது. யு.எஸ்.பி.யில் தகவல் நொடிக்கு ஆயிரம் தவணைகளாகப் போவதால், சரியாக வடிகட்டாத பெட்டிகளில் 'ம்ம்ம்'-க்குப் பதிலாக 'கீஈஈ' என்று மெல்லிய விசில் கேட்கும்.

எனவே அனுபவம் உள்ளவர்கள் பலர் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருகிறார்கள். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை இணைத்து நடுப்புள்ளியை கிரவுண்டாக வைத்தால் ஐ.சி.க்கு வேண்டிய நேர், எதிர் சப்ளை இரண்டும் தயார். கண்டென்சர் மைக்குக்கு ஐந்து 9 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்தால் 45 வோல்ட். தரநிலை 48-க்கு 4 கூடவோ குறையவோ இருக்கலாம் என்று சொல்வதால் 45 தாராளமாகப் போதும். 44-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியை மாற்றவேண்டும். 48 வோல்ட் ஐ.சி.க்குள் போகாமல் தடுக்கும் இரண்டு கெபாசிட்டர்களும் 63 வோல்ட் தாங்குபவையாக இருக்கவேண்டும். 25 வோல்ட் கெபாசிட்டரைப் போட்டால் வெடிக்கலாம்.

வீட்டுக் கரண்டில்தான் ஓட்டவேண்டும் என்றால் வழி இல்லாமல் இல்லை. நல்ல மின்மாற்றி, அதை ப்ரீஆம்ப்பின் வாசலிலிருந்து தள்ளி வைப்பது, 7815, 7915 போன்ற ரெகுலேட்டர்கள், அளந்து ஜோடி சேர்த்த ரெசிஸ்டர்கள், உறையைப் பெட்டியோடு இணைப்பது, பெட்டியை எர்த்தோடு இணைப்பது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் வருடக்கணக்கில் இரைச்சலோடு மல்லுக்கட்டிய கதை இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை நீங்கள் செய்த ப்ரீஆம்ப்பில் 'ம்ம்ம்' என்று கேட்டால் ஐ.சி.யைத் திட்டாதீர்கள். மின்சாரம் எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த வழியாகத் திரும்பிப் போகிறது என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். எங்கே வேண்டுமானாலும் கை வையுங்கள். அந்த எர்த் ஒயரை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.